மணியார்டரில் வந்த ஓ.ஏ.பி.

1962 ஏப்ரல் 1ஆம் தேதி, காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, அன்றைய சென்னை மாநிலத்தில் ஆதரவற்ற முதியோருக்கு மாதம் 20 ரூபாய் கொடுக்கும் திட்டம் வந்தது. இந்தியாவிலேயே முதல் என்று மார்தட்ட முடியாது. உத்தரப் பிரதேசம் 1957இலும் கேரளம் 1960இலும் தொடங்கிவிட்டன. ஆனாலும் காங்கிரஸ் போய், தி.மு.க. வந்து, எம்.ஜி.ஆர். வந்து, ஜெயலலிதா வந்து, ஆட்சி எத்தனை முறை மாறியும் யாரும் மூடத் துணியாத திட்டங்களில் இது ஒன்று. இடையில் பெயரை மாற்றினார்கள், மத்திய அரசு தன் பங்குக்கு ஒரு பெயரை முன்னால் ஒட்டியது. தாலுகா ஆபீஸ் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது அன்றைக்கும் ஓ.ஏ.பி. (ஓல்டு ஏஜ் பென்ஷன்), இன்றைக்கும் ஓ.ஏ.பி.

அந்த 20 ரூபாய் என்ன பெறும்? 1967இல் அண்ணா ஆட்சிக்கு வந்ததும் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி போட்டார்கள். அந்த மானிய விலைக்குக் கணக்குப் போட்டால் மாதப் பணத்துக்கு 20 படி, சுமாராக 30 கிலோ. 2023 ஆகஸ்டில் உயர்த்தப்பட்ட 1200 ரூபாயை எடுத்துக்கொண்டு மளிகைக் கடைக்குப் போனால், கிலோ 50 ரூபாய் அரிசியில் 24 கிலோ வரும். மானிய விலையையும் கடை விலையையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பது முழுக்கச் சரியல்ல, தெரியும். இருந்தாலும் அறுபது வருடத்துத் தொகை உயர்வு அரிசிக் கணக்கில் பெரிய உயர்வு இல்லை என்பது விளங்கும். வாழ்க்கை மாறியது வேறு வழியில். 2011 ஜூனிலிருந்து ரேஷன் அரிசிக்குக் காசு கிடையாது. பாட்டிகளின் பணம் இப்போது உலைக்குப் போகாமல் சர்க்கரை மாத்திரைக்கும் பஸ் இல்லாத நேரத்து ஷேர் ஆட்டோவுக்கும் பேரன் கேட்கும் பத்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட்டுக்கும் போகிறது.

தொகையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. இந்தப் பணத்தை வாங்க ஏழை ஒருவர் அரசாங்கத்திடம் எதை நிரூபிக்க வேண்டியிருந்தது, இன்று எதை நிரூபிக்க வேண்டியிருக்கிறது என்பது. அன்று, “எனக்கு யாருமில்லை” என்று நிரூபிக்க வேண்டும். இன்று, “நான்தான் அது” என்று நிரூபிக்க வேண்டும்.

யாருமில்லை என்று நிரூபிப்பது லேசுப்பட்ட காரியமா? சம்பாதிக்கும் வயதில் மகன் இருந்தால் மனு தள்ளுபடி. மகன் இருக்கிறான், ஆனால் சோறு போடுவதில்லை. இதை ஊருக்குத் தெரிய, எழுத்தில், ரேகை வைத்துச் சொல்ல வேண்டும். திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமங்களில் விசாரணை என்பது பெரும்பாலும் கோயில் திண்ணையிலோ சாவடியிலோ நடக்கும். சுற்றிலும் பத்துப் பேர் நிற்பார்கள். அதில் மருமகளின் அண்ணனும் இருப்பான்.

“ஆயா, புள்ள கஞ்சி ஊத்துறானா இல்லையா? அதச் சொல்லு.”

“ஊத்துவான் சாமி. அவனுக்கே இல்லாதப்ப எனக்கு எங்க இருந்து ஊத்துவான்?”

எந்தத் தாயும் இதற்கு மேல் மகனை விட்டுக்கொடுக்க மாட்டாள். ஆனால் அறிக்கையில் இந்தப் பதிலுக்கு இடமில்லை. ‘ஊத்துவான்’ என்ற முதல் சொல்லோடு அதிகாரியின் பேனா நின்றுவிடும். கைகாரக் கிழவிகள் மட்டும், “எனக்குப் புள்ளையே இல்லீங்க, செத்துட்டான்னு எழுதிக்கங்க” என்று ஒரே போடாகப் போட்டு, மகன் அன்று சாயங்காலம் வந்து சண்டை பிடித்ததையும் சமாளித்தார்கள்.

விசாரிக்கிறவர் யார் என்பதும் முக்கியம். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கிராம அதிகாரிகள் முறையை ஒழிக்கும்வரை, மணியக்காரரும் கர்ணமும்தான் ஊரின் கண்ணும் காதும். அப்பன் பார்த்த வேலையை மகன் பார்ப்பார். பெரும்பாலும் நிலம் வைத்திருக்கும் சாதி. காலனியிலிருந்து ஒரு கிழவி வந்து நின்றால், அவள் தன் களத்துமேட்டில் கூலிக்கு வந்தவளா, கூலி உயர்த்திக் கேட்டவளா என்பதெல்லாம் அவருக்கு ஞாபகம் இருக்கும். அதற்குப் பிறகு தேர்வெழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர்கள், அதாவது வி.ஏ.ஓ.க்களின் மீது நமக்கு ஆயிரம் குறை உண்டு. இருந்தாலும் எங்கிருந்தோ மாற்றலாகி வந்த ஒரு இளைஞர், யார் வீட்டுப் பகையும் தெரியாமல் படிவத்தை நிரப்பியது இந்தத் திட்டத்தின் வரலாற்றில் ஒரு பெரிய திருப்பம். அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

யாருமற்றவர்களின் பட்டியலும் மெல்ல நீண்டது. மாற்றுத்திறனாளிகளுக்கு 1974, விதவைகளுக்கு 1975, வயதான விவசாயக் கூலிகளுக்கு 1981, கணவரால் கைவிடப்பட்ட பெண்களுக்கு 1986, மணமாகாமலே ஐம்பதைக் கடந்த ஏழைப் பெண்களுக்கு 2008. பட்டியலைப் படித்தால் ஒரு சமூகம் யாரையெல்லாம் நடுத்தெருவில் விட்டது என்று வருடவாரியாகத் தெரிகிறது. இதில் கைவிடப்பட்ட பெண்ணின் பாடு தனி. ஐந்து வருடமாவது பிரிந்திருக்க வேண்டும், அல்லது கோர்ட்டில் பிரிவுச் சான்று வாங்கியிருக்க வேண்டும். ஓடிப்போனவன் நாலாவது வருடம் தீபாவளிக்கு ஒரு நாள் வந்து தலைகாட்டிவிட்டுப் போனால் என்ன செய்வது என்று ஒரு பெண் கேட்டால் பதில் சொல்ல ஆள் கிடையாது. பணத்தோடு சோறும் சேர்ந்தது: பள்ளிப் பிள்ளைகளுக்கான சத்துணவுத் திட்டம் 1982இல் வந்து, அடுத்த பொங்கலிலிருந்து ஓ.ஏ.பி. வாங்கும் முதியோருக்கும் மதியச் சாப்பாடு உண்டு என்றானது. பிள்ளைகளோடு பிள்ளையாகத் தட்டேந்திப் போக வெட்கப்பட்டுப் போகாமலே இருந்தவர்களும் உண்டு, பேரனைக் கூட்டிக்கொண்டு முதல் ஆளாகப் போனவர்களும் உண்டு.

உத்தரவு வந்த பிறகு பணம் வீடு தேடி வந்தது. மணியார்டர். கமிஷன் அரசு செலவு. மாதம் பிறந்து ஒரு வாரம் போனால் தெருக்கோடியில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சைக்கிள் மணிச் சத்தத்திலேயே அது தபால்காரருடையதா, ஐஸ்காரனுடையதா என்று பிரித்துவிடுவார்கள். அவர் படிவத்தை நீட்டுவார், மை தடவிய கட்டைவிரலை வைக்க வேண்டும், படிக்கத் தெரிந்த ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். பள்ளிக்கூடத்துப் பையன்கள் முதன்முதலில் தங்கள் கையெழுத்தை அரசாங்கத் தாளில் போட்டது பல ஊர்களில் இந்தச் சாட்சிக் கட்டத்தில்தான். பணம் கைக்கு வந்த அரை மணியில் அண்ணாச்சி கடைக் கணக்கு நேராகும், மறுநாள் புதுக் கணக்கு ஓடத் தொடங்கும்.

இந்தக் காட்சியை நினைத்து இப்போது பெருமூச்சு விடுகிறவர்கள் நிறையப் பேர். என்னால் முடியாது. மணியார்டருக்கு ஒரு கழிவு இருந்தது. ‘டீச்செலவு’ என்று பெயர். பத்து, இருபது, சில இடங்களில் இன்னும் அதிகம். கேட்டு வாங்காத நேர்மையான தபால்காரர்கள் இருந்தார்கள், அவர்களுக்கு இன்றும் ஊரில் மரியாதை உண்டு. ஆனால் கேட்பவரிடம் இல்லை என்று சொல்லத் துணிந்த கிழவி ஒருத்தியும் இல்லை. சொன்னால் அடுத்த மாதம் ‘வீட்டில் ஆள் இல்லை’ என்று பணம் திரும்பிப் போகும். ஊரைவிட்டு மகள் வீட்டுக்குப் போய் ஒரு வாரம் தங்கவும் பயம். பணம் வரும் நாளில் ஆள் இல்லாவிட்டால் செத்துப்போனதாக எழுதிவிடுவார்களோ என்று. உண்மையிலேயே செத்துப்போனவர்களின் பணம் சில ஊர்களில் உயிரோடு நடமாடியதும் அந்தக் காலத்துக் கதைதான்.

2010க்குப் பிந்தைய வருடங்களில் மணியார்டர் நின்று, பணம் வங்கிக் கணக்குக்கு மாறியது. வங்கியின் சார்பில் கையடக்க மெஷினோடு ஊருக்கு வரும் பெண்ணோ பையனோ தபால்காரரின் இடத்தைப் பிடித்தார்கள். 2011 மே மாதம் தொகை 500 ரூபாயிலிருந்து 1000 ஆனது. பிறகு 12 வருடம் அதே ஆயிரம். நடுவில் எண்ணெய், பருப்பு, ஆட்டோ எல்லாம் எங்கே போய் நின்றன என்று சொல்லத் தேவையில்லை.

மெஷின் டீச்செலவு கேட்பதில்லை. ஆனால் அதற்கு விரல் வேண்டும். நாற்பது வருடம் நாற்று நட்ட விரல், பீடி சுற்றிய விரல், கல் உடைத்த விரல், சூளையில் செங்கல் தூக்கிய விரல். ரேகை எங்கே இருக்கும்? முந்தானையில் துடைத்து வைக்கச் சொல்வார்கள். எண்ணெய் தொட்டு வைக்கச் சொல்வார்கள். வேறு விரல், வேறு கை. “நாளைக்கு வா ஆயா, இன்னிக்கு சர்வர் இல்ல” என்பதும் உண்டு. மை காலத்தில் விரல் வைத்தால் போதும், அது யாருடைய ரேகை என்று ஒப்பிட்டுப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. அதனால்தான் செத்தவர் பெயரில் பணம் எடுக்க முடிந்தது. இப்போது ஒவ்வொரு மாதமும் ஒப்பிடுகிறார்கள். அதனால் உயிரோடு இருப்பவர் திரும்பிப் போகிறார். இரண்டில் எது மோசம் என்று கேட்டால், பணத்தை இழப்பது அரசா கிழவியா என்று பார்த்துத்தான் நான் பதில் சொல்வேன்.

வேறு வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. பக்கத்து ஆந்திரத்தில் 2020லிருந்து மாதத்தின் முதல் நாளில் பணத்தை வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். 2024 ஜூலை முதல் முதியோருக்கு 4000 ரூபாய். அவர்களும் கருவியில் ரேகை வாங்குகிறார்கள்தான். ஆனால் விரல் பதியாவிட்டால் என்ன செய்வது என்று தலையைச் சொறிய வேண்டியவர் வாசலில் நிற்கும் ஊழியர். நம் ஊரில் அது பாட்டியின் கவலை.

விரலாவது கையோடு இருக்கிறது. பெயரும் வயதும் காகிதத்தில் இருக்கின்றன, காகிதத்துக்குக் காகிதம் வேறாக இருக்கின்றன. ரேஷன் கார்டில் முனியம்மா. ஆதாரில் முனியம்மாள். வங்கிப் புத்தகத்தில் முன்னால் ஒரு இனிஷியல், அது அப்பா பெயருக்கா புருஷன் பெயருக்கா என்று அவளுக்கே தெரியாது. ஊரில் எல்லோரும் கூப்பிடுவது குள்ளச்சி. சாவடி விசாரணையில் இந்தச் சிக்கலே வந்ததில்லை, எதிரே நிற்பவள் யார் என்று பத்துப் பேருக்குத் தெரியும். இப்போது கணினியிடம் போய்ச் சொல்ல வேண்டும்.

வயதின் கதை இன்னும் வேடிக்கை. பஞ்சம் வந்த வருஷம், புயலடித்த வருஷம் என்று நிகழ்ச்சியை வைத்து வயது சொல்லிப் பழகியவர்களிடம் பிறந்த தேதி கேட்டால் எங்கே போவார்கள்? முன்பெல்லாம் அரசு டாக்டர் பல்லையும் முகத்தையும் பார்த்து வயதுச் சான்று தருவார். பிறகு வாக்காளர் அட்டை வந்தது. கணக்கெடுக்க வந்தவர் வாசலில் நின்று, “நாப்பத்தஞ்சு போட்டுக்கட்டுமா?” என்று கேட்டுப் போட்டுக்கொண்டு போன வயது அது. பிறகு அதைப் பார்த்து ஆதாரில் பதிந்தார்கள். இப்படி ஒரு மத்தியான நேரத்து யூகம், இருபது வருடம் கழித்து ஒரு கிழவியின் தகுதியைத் தீர்மானிக்கிறது. கூடப் பிறந்த அக்காளைவிடத் தங்கைக்கு முதலில் 60 வயது ஆகிப் பணம் வந்த வீடுகள் இருக்கின்றன. அக்காள் இன்னும் ‘இளமையாக’ நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பாள்.

விண்ணப்பம் இப்போது இ-சேவை மையத்தில். ஆதார் எண்ணோடு இணைந்த போனுக்கு ஓ.டி.பி. வரும். அந்த போன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஷிஃப்டில் இருக்கும் மகனிடம் இருக்கிறது. மகன் எடுக்கமாட்டான், எடுத்தால் ‘யாரு, என்ன ஓ.டி.பி.?’ என்று சந்தேகப்படுவான். போனில் யாருக்கும் எண்ணைச் சொல்லாதே என்று அவனுக்கு வங்கி சொல்லிக்கொடுத்திருக்கிறது. கடைசியில் எண் வந்து, மனு பதிவாகி, வி.ஏ.ஓ. லாகினில் சில நாள், வருவாய் ஆய்வாளரான ஆர்.ஐ. லாகினில் சில நாள், சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி தாசில்தார் லாகினில் சில மாதம். “எங்க நிக்குது?” என்று கேட்டால் மையத்தில் இருக்கும் பெண் பார்த்துச் சொல்லிவிடுகிறாள். இது நல்ல மாற்றம்தான். முன்பு மனு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளவே ஒரு தொகை ஆகும். ஆனால் எங்கே நிற்கிறது என்று தெரிவதால் அது நகர்ந்துவிடுவதில்லை. நகர்த்த, இன்றும் திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்க்கும் நாளுக்கு மனுவோடு பஸ் ஏற வேண்டும். வாசலில் மனு எழுதித் தருகிறவர்களுக்கு இன்றும் கூட்டம் குறையவில்லை. ஆன்லைனில் போட்ட மனு ஏன் நகரவில்லை என்று கேட்டு, பேனாவால் ஒரு மனு.

2023இல் இதற்கெல்லாம் நேர்மாறான ஒன்று நடந்தது. கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு ரேஷன் கடைக்காரரே வீட்டுக்கு வந்து விண்ணப்பமும் டோக்கனும் கொடுத்தார். எந்த நாள், எந்த நேரம், எந்தப் பள்ளிக்கூடம் என்று அதிலேயே எழுதியிருந்தது. தன்னார்வலர்கள் கருவியோடு உட்கார்ந்து பதிந்தார்கள். சாவடியில் நின்று புருஷன் குடிப்பதையும் பிள்ளை கவனிக்காததையும் ஒப்பிக்க வேண்டியிருக்கவில்லை. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், நஞ்சை ஐந்து ஏக்கர் அல்லது புஞ்சை பத்து ஏக்கருக்கு மேல் கூடாது, வருடத்துக்கு 3600 யூனிட்டுக்கு மேல் கரண்ட் செலவாகக் கூடாது, சொந்தக் கார் கூடாது. கேள்வி கேட்பதற்குப் பதிலாகக் கணினிப் பதிவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கணக்கு சரியா என்று பார்க்க ஒரு ரூபாய் போட்டுப் பார்த்தார்கள். அந்த ஒரு ரூபாய் குறுஞ்செய்தியை ஊரெல்லாம் காட்டிச் சிரித்த பெண்களை நான் பார்த்தேன். செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடக்கம், ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்களுக்கு மாதம் 1000.

ஓ.ஏ.பி.க்கு அறுபது வருடமாக முடியாதது இதற்கு எப்படி சில மாதங்களில் முடிந்தது? அரசு, ‘நீ கேட்டு வா’ என்று உட்கார்ந்திருக்காமல் தானே எழுந்து போனது. ஓட்டு இருக்கிறது, அதனால் போனார்கள் என்பார்கள். இருக்கட்டுமே. கிழவிகளுக்கும் ஓட்டு இருக்கிறது.

மகளிர் உரிமைத் தொகையிலும் சிக்கல் இல்லாமல் இல்லை. ஒரே மீட்டரில் மூன்று குடித்தனம் இருந்தால் யூனிட் ஏறும், குடித்தனக்காரிக்குத் தகுதி போகும். முதல் மாதப் பணத்தையே குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று சில வங்கிகள் பிடித்துக்கொள்ள, அப்படிச் செய்யக் கூடாது என்று அரசு தலையிட வேண்டியிருந்தது. மறுக்கப்பட்டவர்கள் 30 நாளுக்குள் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யலாம் என்றார்கள். மறுத்ததற்கான காரணமும் குறுஞ்செய்தியில் வந்தது. ஓ.ஏ.பி. மனுவைத் தள்ளியபோது காரணம் சொன்ன வழக்கம் முன்பு கிடையாது. நின்றுபோன பணத்துக்கும் அப்படித்தான். தகுதியில்லாதவர்களைக் களையெடுக்கிறோம் என்று ஒரு கட்டத்தில் ஓ.ஏ.பி. பட்டியலைச் சுத்தம் செய்தபோது, இரண்டு மாதம் பணம் வராததை வைத்துத்தான் பலரும் தாங்கள் நீக்கப்பட்டதையே தெரிந்துகொண்டார்கள்.

இடைத்தரகர் ஒழிந்துவிட்டாரா என்று கேட்பார்கள். உடை மாற்றிக்கொண்டார். முன்பு தாலுகா ஆபீஸைச் சுற்றிக்கொண்டிருந்தவர், “மூணு மாசப் பணத்த முன்னாடியே குடுத்துடு பெரியம்மா, ஆர்டர் உன் வீட்டுக்கு வரும்” என்பார். இப்போது அந்த வேலையில் பாதியைக் காசு வாங்காமல் செய்பவள் தெருவில் பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண். பாஸ் புத்தகம் பதிந்து வருவது, மெசேஜ் படித்துச் சொல்வது, கே.ஒய்.சி. கேட்டால் கூடப் போவது எல்லாம் அவள் தலையில். ஒரு காலத்தில் கர்ணமும் குமாஸ்தாவும் சம்பளம் வாங்கிச் செய்த எழுத்து வேலை, மெல்ல மெல்ல மனுதாரர் வீட்டுக்கே நகர்ந்து வந்துவிட்டது. பேத்தி இல்லாத பாட்டிக்குத்தான் இப்போது உண்மையில் யாருமில்லை. ஆனால் எந்தப் படிவத்திலும் பேத்தியைக் கேட்கும் கட்டம் கிடையாது.

எல்லாக் காகிதமும் சரியாக இருந்து, உத்தரவும் கிடைத்து, பணம் மட்டும் வராமல் காத்திருப்பவர்கள் இன்னொரு கூட்டம். மத்திய அரசின் ஓய்வூதியத்தில் மாநிலத்துக்கு இத்தனை பேர்தான் என்று ஒரு உச்சவரம்பு உண்டு. “யாராவது போனாத்தான் ஆயா உனக்கு எடம்” என்று ஆபீஸில் சொல்வதை அவர்கள் கோபமாகக்கூட எடுத்துக்கொள்வதில்லை. பக்கத்துத் தெருவில் சாவு விழுந்தால் போய் உட்கார்ந்து அழுதுவிட்டு, மறுவாரம் ஆபீஸுக்குப் போய்க் கேட்டுவிட்டு வருவார்கள்.

மத்திய அரசு 1995இல் 75 ரூபாயோடு இதில் சேர்ந்தது. 2006இல் தன் பங்கை 200 ஆக்கியது. தகுதி வயதை 2011இல் 65லிருந்து 60க்கு இறக்கியதால் இன்னும் பலர் உள்ளே வந்தார்கள். நாடாளுமன்ற நிலைக்குழு பல முறை உயர்த்தச் சொன்ன பிறகும், 60 முதல் 79 வயது வரை உள்ளவர்களுக்கு அந்தப் பங்கு அதே 200இல்தான் நிற்கிறது. மீதியை மாநிலம் போடுகிறது. எண்பதைத் தொட்டால் மத்திய அரசு 500 தரும். அந்த எண்பது ஆதாரில் ஆகியிருக்க வேண்டும்.